தேத்தண்ணி அடுப்பில் கரையும் இலாபம்: வெலிமடைக் கடைச் சமையலறைகளின் எரிபொருள் கணக்கு

வெலிமடை நகரில் சாப்பாட்டுக்கடைகளின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. கிழங்கும் போஞ்சியும் கரட்டும் ஏற்றிய லொறிகள், நுவரெலியா - பதுளை வீதியின் முதல் பஸ்கள், தோட்டங்களிலிருந்து நகருக்கு இறங்குவோர் என ஆட்கள் வரத் தொடங்கும்போதே கடைக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அது தேத்தண்ணி அடுப்பு. காலையில் முதலில் பற்றவைக்கப்படுவதும் இரவில் கடைசியாக அணைக்கப்படுவதும் அதுதான். கடை முதலாளியிடம் எந்த அடுப்புக்கு அதிகம் கேஸ் போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் சோற்று அண்டாவையோ கொத்துத் தகட்டையோதான் காட்டுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக வரலாம்.

இந்தக் கணக்கு ஏன் இப்போது அவசியம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. 2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டரின் விலை 1,493 ரூபா. கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டதும் அது ஒரே தாவலில் 2,750 ரூபாவாகி, பின்னர் 75 ரூபா குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அதையும் கொடுத்து வாங்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 2024 நடுப்பகுதியில் கொழும்பு விலை 3,690 ரூபாவுக்கு இறங்கியது உண்மை. ஆனால் 1,493 என்ற இலக்கம் திரும்பி வரவில்லை. மலையேறி வரும் சிலிண்டருக்குப் போக்குவரத்துக் கூலியும் சேரும்.

மின்சாரத்தின் கதை இன்னும் குழப்பமானது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூட்டினார்கள். பிறகு குறைத்தார்கள், கூட்டினார்கள், 2024இல் இரண்டு தடவை குறைத்தார்கள். 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்து, அதே வருடம் ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். தேத்தண்ணியின் விலையை இப்படி மாதத்துக்கு மாதம் மாற்ற எந்தக் கடைக்காரராலும் முடியாது. பத்து ரூபா கூட்டினாலே வழக்கமாக வருபவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆகவே விலை ஏறும்போதெல்லாம் அடிபடுவது கடையின் இலாபம்தான். கடைக்காரரின் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: எரிக்கும் அளவு.

தண்ணீர் கொதிக்க ஒரு செலவு, ஆவியாக ஒரு செலவு

பாடசாலை விஞ்ஞானத்தில் படித்து மறந்த ஒரு விடயத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 20 பாகை குளிரிலுள்ள ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம் ஏறத்தாழ 0.09 அலகு. மின்பட்டியலில் வரும் அதே அலகுதான், கிலோவாற்று மணி. கொதித்த அந்த ஒரு லீற்றரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுவதோ சுமார் 0.63 அலகு. ஏழு மடங்கு. அதாவது, கொதிக்க வைப்பதில் பெரிய செலவில்லை. கொதித்துக்கொண்டே இருக்க விடுவதில்தான் காசு போகிறது.

ஒரு கடையைக் கற்பனை செய்வோம். ஒரு நாளைக்கு 200 தேத்தண்ணி, கோப்பைக்கு 150 மில்லிலீற்றர் என்றால் விற்ற தண்ணீர் 30 லீற்றர். அதைக் கொதிக்க வைக்கச் சுமார் 2.6 அலகு வெப்பம் போதும். மூடியில்லாத பாத்திரம் காலை ஐந்து மணி முதல் இரவு எட்டு மணி வரை அடுப்பில் மெதுவாகக் கொதிக்கிறது. மணிக்கு ஒரு லீற்றர் வீதம் ஆவியாகிறது. 15 மணித்தியாலத்துக்கு 15 லீற்றர், 9.4 அலகு வெப்பம். வாடிக்கையாளர் குடித்ததற்கு ஆனதைப்போல மூன்றரை மடங்கு கூரைக்குப் போயிருக்கிறது.

இதை ரூபாவுக்கு மாற்றுவோம். ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 அலகு வெப்பம் உண்டு. சாதாரணக் கடை அடுப்பில் அதில் 40 சதவீதம்தான் பாத்திரத்துக்குள் போகும். மிச்சம் பாத்திரத்தின் பக்கவாட்டால் ஏறிச் சமையலறையைச் சூடாக்கும். இந்தக் கணக்கில் அந்த 9.4 அலகு ஆவிக்கு மட்டும் ஒரு நாளைக்கு 1.8 கிலோவுக்கு மேல் கேஸ் எரிகிறது. மாதத்துக்கு 55 கிலோ, நாலரை சிலிண்டருக்குச் சற்றுக் குறைவு. சிலிண்டர் 4,000 ரூபா என்று வைத்துக்கொண்டால் 17,600 ரூபா. ஒரு கடைப் பையனின் சம்பளத்தில் பெரும்பகுதி என்றும் சொல்லலாம்.

இது காகிதக் கணக்குத்தான். உங்கள் கடையின் உண்மைக் கணக்கைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. ஒரு நாள் மட்டும், தேத்தண்ணிப் பாத்திரத்தில் ஊற்றும் ஒவ்வொரு லீற்றரையும் சுவரில் கோடு போட்டு எண்ணுங்கள். விற்ற கோப்பைகளைப் பெருக்கிக் கழியுங்கள். கோப்பை கழுவ எடுத்ததையும் கழியுங்கள். மிச்சம் இருப்பது ஆவி.

வெலிமடையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் ஆயிரம் மீற்றருக்கு மேலுள்ள இங்கே ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94க்கு அருகில். பாத்திரம் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து "நல்ல சூடு" என்று நினைக்கிறோம். உள்ளே கொழும்புக் கடையிலுள்ள சூடு கிடையாது. அதனால்தான் கடலையும் மாட்டிறைச்சியும் இங்கே வேக நேரமெடுக்கின்றன. பொறுமையிழந்து அடுப்பைக் கூட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு தீ வைத்தாலும் 96ஐத் தாண்டாது. கூட்டிய தீ முழுவதும் ஆவிக்கே போகும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டால் அதே நேரத்தில்தான் வேகும், பாதி கேஸில்.

வெப்பநிலையை உண்மையிலேயே கூட்டுவது பிரஷர் குக்கர் ஒன்றுதான். மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தம் ஏறி வெப்பம் 118 பாகை வரை போகிறது. கொழும்பில் அது நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி. மலையகத்தில் அதன் பயன் இன்னும் பெரிது, ஏனென்றால் நாம் தொடங்குவது 96இலிருந்து. கடலை, கௌப்பி, இறைச்சி, எலும்பு சூப் ஆகியவற்றை அன்றாடம் அவிக்கும் கடைக்கு, கடைப் பாவனைக்கென்று வரும் 20 லீற்றர் குக்கரைப்போல விரைவாகப் போட்ட காசைத் திருப்பித் தரும் பொருள் வேறில்லை. மைசூர்ப் பருப்புக்கு அது தேவையில்லை. அது எப்படியும் விரைவில் கரைந்துவிடும். கடலையை இரவே ஊறவைப்பது செலவே இல்லாத முறை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "மறந்துபோச்சு" என்று காலையில் இரண்டு மணித்தியாலம் அவிக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

கேஸா, கரண்டா?

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஆனால் உங்கள் விடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். 12.5 கிலோ சிலிண்டரில் மொத்தம் 160 அலகு வெப்பம். விலை 4,000 ரூபா என்றால் அலகுக்கு 25 ரூபா. மலிவாகத் தெரிகிறது. ஆனால் 40 சதவீதமே பாத்திரத்துக்குப் போவதால் பயன்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் நீங்கள் கொடுப்பது 62 ரூபா 50 சதம். இன்டக்ஷன் அடுப்பு மின்சாரத்தில் 85 சதவீதம் அளவைப் பாத்திரத்துக்குள் செலுத்துகிறது. ஆகவே மின்சார அலகு 53 ரூபாவுக்குக் கீழே இருக்கும்வரை இன்டக்ஷன் மலிவு. அதற்கு மேலே போனால் கேஸ் மலிவு. சிலிண்டர் விலை மாறும்போது இந்த எல்லைக்கோடும் மாறும். சிலிண்டர் விலையை 75ஆல் வகுத்தால் எல்லைக்கோடு கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். மின்பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு கடைகள் பெரும்பாலும் பொதுநோக்கு முதலாம் வகையில் வருகின்றன. அதில் மாதம் 180 அலகுக்குக் கீழ், 180க்கு மேல் என்று இரு படிகள். மேல் படிக்குப் போனால் அலகின் விலையும் கூடும், மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். 170 அலகில் நிற்கும் கடை ஒரு புதிய மின்சாதனத்தை வாங்கினால் அந்தச் சாதனத்தின் செலவோடு முடியாது. 190இல் நிற்கும் கடை ஒரு பழைய சாதனத்தைத் திருத்தினால் கிடைக்கும் இலாபமும் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருக்கும்.

தேத்தண்ணிக்குத் திரும்புவோம். மேலே சொன்ன அதே கடை, வெப்பக் காப்புறை போட்ட மின்சாரப் பொயிலர் ஒன்றை வைத்தால் 200 கோப்பைக்கு 2.6 அலகும், சுவரால் கசியும் வெப்பத்துக்கு இரண்டு அலகுமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலரை அலகு எடுக்கும். மாதம் 135 அலகு. அலகுக்கு 40 ரூபா என்று கூட்டியே வைத்தாலும் 5,400 ரூபா. கேஸில் ஆவியும் தேத்தண்ணியும் சேர்ந்து மாதம் 22,500 ரூபாவைத் தொட்ட இடம் அது. பொயிலர் 60,000 ரூபா என்றாலும் நாலு மாதத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும். காப்புறை இருக்கிறதா என்று வாங்கும்போது பார்க்க வேண்டும். கொதித்த பிறகு வெளிச்சுவரில் கை வைக்க முடிந்தால் காப்புறை இருக்கிறது. கை சுட்டால் அது வெறும் தகரக் கேத்தில்தான், பெயர் மட்டும் பொயிலர்.

சோற்றுக்கும் கறிக்கும் இன்டக்ஷன் பொருந்தும். ஆனால் அடிப்பாகம் தட்டையான, காந்தம் ஒட்டக்கூடிய பாத்திரம் வேண்டும். அலுமினிய அண்டா வேலை செய்யாது. கடைகளில் இருப்பவை பெரும்பாலும் அலுமினியமே என்பதால் அடுப்பின் விலையோடு பாத்திரத்தின் விலையையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கடைக்கென்று வரும் 3.5 கிலோவாற்று அடுப்பு ஒன்று 15 அம்பியர் இழுக்கும். ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்பில் இரண்டு அடுப்பை ஒன்றாகப் போட்டால் வேறு எதற்கும் இடமிருக்காது. மூன்று கட்ட இணைப்புக்கு மாறும் செலவையும் முதலே விசாரிக்க வேண்டும். கொத்துக்கும் ரொட்டிக்கும் தோசைக்கும் கேஸ் இருக்கட்டும். தடித்த இரும்புத் தகட்டின் சூட்டை ஈடுசெய்ய இன்டக்ஷனுக்கு இங்கே இன்னும் காலமிருக்கிறது. தகட்டில் செய்யக்கூடியது வேறு: கொத்து போடாத நேரத்தில் தகட்டின் கீழே தீ எரியக்கூடாது.

முழுக் கடையையும் மின்சாரத்துக்கு மாற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலைக்கு நாடே இருளில் மூழ்கியது. ஒரு கேஸ் அடுப்பும் ஒரு நிறை சிலிண்டரும் எப்போதும் ஒரு மூலையில் இருக்கட்டும்.

சிலிண்டரைப் பற்றியும் ஒன்று. குளிர் காலத்தில், பெரிய அடுப்பைத் தொடர்ந்து எரிக்கும்போது சிலிண்டரின் வெளியே பனி படிந்து தீ மங்குவதை வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் திரவம் வாயுவாக மாறச் சூடு தேவை. குளிரில் வேகமாக இழுத்தால் அந்தச் சூடு போதாமல் அழுத்தம் விழும். கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்து மிச்சத்தோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பவர்களும் சாய்த்துப் போடுபவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. 2021 இறுதியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளைப் படித்த பிறகும் அவற்றைச் செய்யக்கூடாது. சரியான வழி, தொழில் தெரிந்தவரைக் கொண்டு இரண்டு சிலிண்டர்களை ஒரே குழாயில் இணைப்பது. இழுவை இரண்டுக்கும் பிரிவதால் இரண்டுமே குளிர்வது குறையும், அடிமட்டம் வரை கேஸ் எரியும்.

இலவசக் குளிர்ப்பெட்டியும் கதவு றப்பரும்

கடை முகப்பில் நிற்கும் கண்ணாடிக் கதவுக் குளிர்ப்பெட்டியைக் குளிர்பானக் கம்பனி இலவசமாகக் கொடுத்திருக்கலாம். பெட்டிதான் இலவசம், கரண்ட் உங்களுடையது. நாளுக்கு ஐந்து அலகு எடுத்தால் மாதம் 150 அலகு. மேலே சொன்ன 180 அலகுப் படியை அது ஒன்றே கிட்டத்தட்ட நிரப்பிவிடும். ஜனவரிக் குளிரில் வெலிமடையில் எத்தனை பேர் குளிர் சோடா கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். அதில் பானம் மட்டும்தான் இருக்கிறது, பாலோ இறைச்சியோ இல்லை என்றால் கடை பூட்டும்போது நிறுத்தி, காலையில் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இறைச்சி, மீன் வைக்கும் ஆழ்குளிரூட்டியை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. அதற்கு வேறு வைத்தியம். கதவு மூடியிருக்கும்போது இடையில் ஒரு ரூபாத் தாளைச் செருகி இழுங்கள். இறுக்கமில்லாமல் வந்தால் றப்பர் தேய்ந்துவிட்டது. உள்ளே காற்றுப் போய்க்கொண்டிருக்கிறது. புது றப்பர் போடுவது புதுப் பெட்டி வாங்குவதைவிடப் பல மடங்கு மலிவு. பின்புறக் கம்பிச் சுருளில் தூசியும் எண்ணெய்ப் பசையும் படிந்திருந்தால் மாதம் ஒரு தடவை தூரிகையால் துடைக்க வேண்டும். பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. வெலிமடையின் குளிர்காற்று குளிர்ப்பெட்டிக்குக் கிடைத்த வரம். சமையல் சூட்டில் நிறுத்தி அதை வீணாக்குகிறோம்.

புதிதாக வாங்கும்போது இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திர முத்திரை இருந்தால் பாருங்கள். நட்சத்திரம் கூடக் கூடச் செலவு குறைவு. பெரிய கடைச் சாதனங்களில் அந்த முத்திரை பெரும்பாலும் இருக்காது. அப்போது விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: நாளுக்கு எத்தனை அலகு எடுக்கும்? கொழும்பிலிருந்து வரும் பழைய ஆழ்குளிரூட்டியின் விலை ஆசையைக் கிளப்பும். நாளுக்கு மூன்று அலகு கூடுதலாக எடுத்தால், அலகு 40 ரூபா வீதம் வருடத்துக்கு 43,800 ரூபா கூடுதல் செலவு. இன்வேர்ட்டர் கொம்பிரசர் உள்ள புதுப் பெட்டியின் விலையோடு ஒப்பிடும்போது இந்தத் தொகையையும் பழையதன் விலையில் கூட்டிப் பாருங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. பிளக்கில் செருகினால் பட்டியல் பாதியாகும் என்று முகநூலில் விற்கப்படும் சிறு பெட்டிகளை வாங்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு சிறிய கொள்ளளவியும் ஒரு பச்சை விளக்கும். வீட்டு, சிறுகடை மீற்றர் எண்ணும் அலகை அது குறைப்பதில்லை.

விறகை என்ன செய்வது?

2022இல் கேஸ் இல்லாதபோது கடைகள் விறகுக்குத் திரும்பின. பல இன்னும் விறகிலேயே இருக்கின்றன. தோட்டப் பக்கத்தில் கவ்வாத்து மிலாறு கிடைக்கும், மரவெட்டில் மிஞ்சியது கிடைக்கும். விறகை விட்டுவிடுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் ஈர விறகை எரிப்பது காசை எரிப்பதுதான். பாதி எடை தண்ணீராக உள்ள பச்சை விறகு ஒரு கிலோ தரும் வெப்பத்தைப்போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு, நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் கிடைக்கும். தேயிலைத் தொழிற்சாலைகளில் விறகைப் பிளந்து கொட்டகையில் அடுக்கிக் காயவைப்பது இதற்காகத்தான். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரையும் மூன்று மாத விறகும் இருந்தால் அதே வேலையைச் செய்யலாம். புகையும் குறையும், நாள் முழுவதும் அந்த அடுப்பின் முன் நிற்பவரின் நெஞ்சுக்கு அது பெரிய விடயம்.

அடுப்பையும் மாற்றலாம். 1980களில் இலங்கையில் உருவான அனகி என்ற இரட்டைக்கண் மண் அடுப்பு, மூன்று கல் அடுப்பைவிட விறகைக் கணிசமாகக் குறைக்கும். அது வீட்டுக்கான அளவு. கறி வைக்கும் சிறு கடைக்கும் போதும். ஏக்கலயிலுள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் விறகுத் துண்டுகளை வாயுவாக்கி எரிக்கும் அடுப்பொன்றை உருவாக்கியிருக்கிறது. அதில் தீ புகையில்லாமல் எரியும்.

பேக்கரிகளின் நிலை வேறு. செங்கல் போறணை சூடேறவே பெருமளவு விறகைத் தின்னும். ஏறிய சூட்டை எவ்வளவு தூரம் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இலாபம் இருக்கிறது. முதலில் பாண், சூடு இறங்க இறங்க பணிஸ், பிறகு கேக், பிஸ்கட், கடைசியில் ரஸ்க். அதுவும் முடிந்த பிறகு அடுத்த நாள் விறகை உள்ளே வைத்துக் காயவைக்கும் பழைய பேக்கரிக்காரரின் வழக்கத்தைப் புத்தகம் படித்த பொறியியலாளரும் மெச்சுவார். மின்சாரப் போறணைக்கு மாற நினைக்கும் பெரிய பேக்கரிக்கு ஒரு தகவல்: 42 கே.வீ.ஏ.க்கு மேற்பட்ட இணைப்பில் மின்சாரம் நேரத்துக்கு நேரம் விலை மாறும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை. பாண் சுடும் நேரம் எப்போதும் குறைந்த விலை நேரமாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த வகை இணைப்பில், மாதத்தில் ஒரு தடவை எட்டும் உச்சக் கேள்விக்கும் தனிக் கட்டணம் உண்டு. இரண்டு போறணையையும் மாவு பிசையும் இயந்திரத்தையும் ஒரே நிமிடத்தில் போடாமல் அரை மணித்தியாலம் இடைவெளி விட்டால் அது குறையும்.

வெயிலையும் எண்ணிப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலுள்ள ஆரோவில்லில் 1997இல் கட்டப்பட்ட பொதுச் சமையலறையின் கூரையில் 15 மீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. சூரிய ஒளியை ஒரு குழாயில் குவித்து நீராவியாக்கி, ஆயிரம் பேர் அளவுக்குச் சமைக்க உதவுகிறது. வெயில் இல்லாத நாளுக்குப் பக்கத்தில் கொதிகலனும் உண்டு. வெலிமடைக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை. கூரையில் ஒரு சூரிய நீர்ச்சூடாக்கி போதும். 20 பாகைத் தண்ணீருக்குப் பதிலாக 50 பாகைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால், கொதிக்க வைக்கும் செலவில் பத்தில் நான்கு பங்கு அங்கேயே போய்விடும். கோப்பை கழுவவும் அதே தண்ணீர்.

காசு போட வசதியில்லாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது? முதலில் எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி. பிறகு பர்னர் துவாரங்களைக் கம்பியால் சுத்தம் செய்து, மஞ்சள் தீயை நீலத் தீயாக்குவது. பாத்திரத்தின் அடியில் படிந்த கரியைச் சுரண்டுவது. ஜூலை, ஓகஸ்ட் காற்றுக் காலத்தில் அடுப்பைச் சுற்றி ஒரு தகர மறைப்பு. இவற்றால் மிச்சமாகும் காசை ஒரு டப்பாவில் தனியே போட்டு வந்தால், சில மாதங்களில் குக்கருக்கு முற்பணம் சேர்ந்துவிடும். பொயிலர் அடுத்தது. புது சிலிண்டர் பூட்டும் நாளைச் சுவர்க் கலண்டரில் குறித்து வைக்க மறக்க வேண்டாம். முந்திய சிலிண்டர் எத்தனை நாள் ஓடியது என்று தெரிந்தால்தான் அடுத்தது எத்தனை நாள் கூடுதலாக ஓடுகிறது என்று தெரியும்.